ஒரு தாடிக்கு எத்தனை காரணம்!

"இல்லை" என்ற சொல்லை வாயில் வைக்காமலே ஒரு மனிதர் முப்பத்தைந்து வயது வரைக்கும் வாழ்ந்துவிட முடியும். நம்பாதவர்கள் என்னிடம் வாருங்கள். நான் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அவருக்குப் பட்டுப்புடவைப் பிரிவு, எனக்கு ஜாக்கெட் துணி. அவரிடம் புடவை எடுத்தவர்கள் அப்படியே நகர்ந்து என்னிடம் வந்து மேட்சிங் கேட்பார்கள். இரண்டு பேருக்குமே வீடு திண்டிவனத்தில். காலையில் ஒரே பஸ், ராத்திரி திரும்பும்போதும் ஒரே பஸ். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை "ஏம்மா" என்பார். அவர் கடையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. பெயரைச் சொல்லப் போவதில்லை. போன் போட்டு அனுமதி கேட்டால் "தாராளமா போட்டுக்கோம்மா" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்கிற ஆளின் பெயரைப் போடுவது பாவம்.

ஒருமுறை திருவெண்ணெய்நல்லூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு கூட்டம் வந்தது. பையனின் அம்மா அரக்குதான் வேண்டும் என்கிறாள். பெண்ணின் அம்மா பச்சைதான் என்கிறாள். இவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அரக்கு மாதிரி வருமாங்க!" என்று இந்தப் பக்கம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அந்தப் பக்கம் திரும்பி, "பச்சைதாங்க மங்களகரம்" என்கிறார். சம்பந்தியம்மாக்கள் இருவரும் "கடைக்காரரே சொல்லிட்டாரு பாத்தியா" என்று ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்யாணமே நின்றுவிடும் போல இருந்தது. கடைசியில் முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என்று இரண்டையும் கட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு, "இவனைப் பாத்து வியாபாரம் கத்துக்கோங்க" என்றார். அது வியாபாரம் இல்லை, வியாதி என்று அவருக்கு யார் சொல்வது?

பஸ்ஸில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர்கள் ஏறினால் எல்லோர் மடியிலும் ஒரு பொட்டலத்தைப் போட்டுக்கொண்டே போவார்கள். வேண்டாதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இவர் கொடுக்க மாட்டார். அடுத்த நிறுத்தத்தில் இன்னொருத்தர் ஏறி இன்னொரு பொட்டலம் போடுவார், அதையும் வைத்துக்கொள்வார். திண்டிவனத்தில் இறங்கும்போது சட்டைப்பை, பேன்ட் பை எல்லாம் மல்லாட்டை. வாடகைக்கு இருந்த அறையில் வீட்டுக்காரர்களின் உடைந்த கிரைண்டர், காலி சிலிண்டர், பழைய சைக்கிள் எல்லாம் இருக்கும். "இங்க வச்சிக்கட்டுமாப்பா?" என்று அவர்கள் கேட்டதுதான் காரணம். கிரைண்டருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் உடம்பை வளைத்து இவர் படுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு வந்த நோயும் இதற்கேற்றதாக வந்தது.

எங்கள் முதலாளிக்கு ஒரு கொள்கை. பட்டுப்புடவை மேசையில் தாடியோடு ஆள் நின்றால் துக்க வீடு மாதிரி இருக்குமாம். கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்களாம். அதனால் காலையில் வாசலில் நின்று ஆண்கள் தாடையை எல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். அண்ணனுக்கோ சுருட்டை முடி. தலையில் மட்டுமா, தாடியிலும் சுருட்டை. மத்தியானத்துக்குள் முகத்தில் கருப்பு தட்டிவிடும். ஒருநாள் முதலாளி கன்னத்தைத் தடவிப் பார்த்து, "என்னாடா சொரசொரன்னு இருக்குது?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து இவர் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக, முடிக்கு எதிர்ப்பக்கமாகச் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு சுற்று போதாதென்று இன்னொரு சுற்று. கன்னம் பீங்கான் தட்டு மாதிரி ஆகிவிட்டது. முதலாளிக்குப் பரம திருப்தி.

கொஞ்ச நாளில் தாடைக்குக் கீழே, கழுத்து முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். சிவப்பாக ஒன்று, கருப்பாக ஒன்று, நுனியில் சீழ் வைத்தது ஒன்று. காலர் உரசினால் முகத்தைச் சுளிப்பார். வலிக்கிறதா அண்ணே என்று கேட்டால், "அது பாட்டுக்கு இருக்குதும்மா" என்பார்.

ஒரு மனிதன் கழுத்தில் கட்டி வந்தால் பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மருந்து தெரிந்திருக்கும் போல. டீக்கடைக்காரர் ஜாதிக்காய் இழைத்துப் பூசச் சொன்னார். பூசினார். பில் போடுகிற அம்மா பற்பசை தடவச் சொன்னாள். தடவினார். வாட்ச்மேன் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்தால் கட்டி உடையும் என்றார். அதையும் வைத்தார். ஒரு வாடிக்கையாளர் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார், இன்னொருத்தர் படிகாரக் கல். எல்லாமே ஒரே வாரத்தில், ஒரே கழுத்தில். பக்கத்தில் போனால் பல் தேய்த்தபடியே ஊறுகாய் போட்ட வாசனை வரும்.

"எரியலையா அண்ணே உனக்கு?"

"எரியத்தாம்மா செய்யுது. ஆனா அவரு நாளைக்கு வந்து போட்டியான்னு கேப்பாரே."

இதற்கு நடுவில்தான் அவருக்குப் பெண் அமைந்தது. அவர் கத்தோலிக்கர். அப்பா அம்மா கிடையாது. அதனால் முகையூருக்குப் பெண் பார்க்க அவரோடு போனது நானும் எங்கள் வீட்டுக்காரரும்தான். பெண் பாலர் பள்ளி டீச்சர். வயது முப்பதைத் தாண்டியது. பார்வையிலேயே ஒரு வெட்டு. வந்து நின்று, "டீயா, காப்பியாங்க?" என்று கேட்டது. "எதுன்னாலும் சரிங்க" என்றார் இவர். அது உள்ளே போய் இரண்டையும் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தது. ஒரு வாய் டீ, ஒரு வாய் காப்பி என்று மாற்றி மாற்றி இரண்டையும் குடித்து முடித்தார். அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "அந்தப் பொண்ணு சிரிச்சிது பாத்தியாம்மா" என்றார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும், "நல்லா சிரிக்குதும்மா" என்றார். அதுவரை எனக்கு அது பிடிக்கும், இது வேண்டும் என்று அவர் வாயிலிருந்து எதுவுமே வந்து நான் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அப்படியே தின்கிற ஆள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

இனி எங்கள் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். ஆட்டோ ஓட்டுகிறார். காலில் முள் குத்தினால் லாவகமாக எடுப்பார், அதனால் தன்னை அரை டாக்டர் என்று நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அவருடைய கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "யோவ் மச்சான், உள்ள கருப்பா முடி சுருண்டுக்கினு கெடக்குதுய்யா. முள்ளு மாதிரிதான். எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். "அந்த ஊக்கைக் கொஞ்சம் குடு" என்று கேட்ட குரலுக்கு, "எதுக்கு?" என்றேன். வெளியே வந்து பார்த்தால் கொடியில் காய்ந்த என் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி, அண்ணன் கழுத்தைக் கிணறு வெட்டுகிற மாதிரி தோண்டிக்கொண்டிருக்கிறார்! அண்ணன் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் மட்டும், "பரவால்ல மச்சான், நீங்க எடுங்க" என்கிறது. இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிய திட்டில் களி அடிபிடித்துவிட்டது.

இரண்டு நாளில் கழுத்து ஒரு பக்கமாக வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"என்னென்ன போட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டாராம். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். சுண்ணாம்பு வந்தபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஊக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"எரிஞ்சப்பவே நிறுத்தணும்னு தோணலையா சார்?"

"சொன்னவங்க மனசு கஷ்டப்படுங்களே மேடம்."

டாக்டரம்மா அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. என்னிடம்தான் பேசினார். "குரங்குப் புண் ஏன் ஆறாதுன்னு தெரியுமாம்மா? நோண்டிக்கிட்டே இருக்கும். இது பெரிய வியாதி இல்ல. தோலை இழுத்துப் பிடிச்சு எதிர்ப்பக்கமா ஷேவ் பண்றாரு. முடி தோலுக்கு அடியில போயி வெட்டுப்படுது. சுருட்டை முடியா, வளரும்போது வளைஞ்சு திரும்பவும் தோலுக்குள்ளயே குத்திக்கிது. உடம்பு அதை முள்ளுன்னு நினைச்சு வீங்குது. இப்ப சீழ் வேற வச்சிருக்கு, அதுக்கு மாத்திரை தர்றேன். வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு ஒத்தடம் குடுங்க. நான் தர்ற களிம்பைத் தவிர கழுத்துல ஒண்ணும் படக் கூடாது. முக்கியமா பிளேடு படவே கூடாது. முடி தானா வெளிய வரட்டும். நான் சொல்ற வரைக்கும் தாடி அப்படியே இருக்கணும்."

"அப்புறம் ஷேவ் பண்ணலாமா மேடம்?" என்று நான்தான் கேட்டேன்.

"பண்ணலாம். முதல்ல வெந்நீர் விட்டு முடியை ஊற வைக்கணும். முடி எந்தப் பக்கம் வளருதோ அந்தப் பக்கமாவே பண்ணணும். தோலை இழுக்காம, அழுத்தாம, மழுங்காத பிளேடால ஒரே தடவை. மழமழன்னு ஆகணும்னு ஆசைப்படவே கூடாது. இல்லன்னா டிரிம்மர் வாங்கிக்கச் சொல்லுங்க. காலர் பட்டனை இறுக்கிப் போட வேணாம்."

முடியும் ஆளைப் போலத்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. வெளியே வர வேண்டியது உள்ளேயே சுருண்டு புண்ணாகிறது. பஸ்ஸில் அவரிடமே சொன்னேன். "ஆமாம்மா" என்றார். வேறு என்ன சொல்வார்!

முதலாளியிடமும் நான்தான் பேச வேண்டியிருந்தது. முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு அவரைப் பட்டுப்புடவையிலிருந்து எடுத்து, மாடியில் ஜமுக்காளம், பாய், போர்வைப் பிரிவில் போட்டார். "ஜமுக்காளம் வாங்கறவன் எவனும் மூஞ்சியப் பாக்க மாட்டான்" என்பது அவர் கணக்கு.

தாடி வளர்ந்தது. இந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும்தான் தாடி வைக்கிறார்கள், ஓரம் கட்டி, எண்ணெய் தடவி. அது வேறு. அண்ணனுடைய தாடியில் டாக்டரம்மா கத்தரிக்கோல்கூடப் படக் கூடாது என்றுவிட்டார். அது கன்னத்தில் ஒரு திட்டு, மோவாயில் ஒரு கொத்து, கழுத்தில் ஒரு புதர் என்று இஷ்டத்துக்கு வளர்ந்தது. அப்படி ஒரு தாடியைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? ஆம்பிளை சும்மா தாடி வளர்ப்பானா? வேண்டுதல் இருக்கும், துக்கம் இருக்கும், பெண்டாட்டி உண்டாகியிருப்பாள், இல்லாவிட்டால் எவளோ ஏமாற்றியிருப்பாள். தோல் டாக்டர் சொல்லித் தாடி வளர்த்தவனை இந்த ஜில்லாவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மேல்மலையனூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி பாய் வாங்க வந்தாள். "அங்காளம்மனுக்கு வேண்டுதலா தம்பி?" என்றாள்.

"ஆமாங்க" என்றார் அண்ணன். சட்டைக்குள் ஜெபமாலை தொங்குகிறது!

அந்த அம்மா அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனாள். அடுத்த அமாவாசை கழித்து விபூதியும் குங்குமமும் மடித்து எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள். இவர் இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கி, கீழே வந்து என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்கு அந்தக் குங்குமம்தான்.

அவருடைய திண்டிவனம் கோயிலில் ஃபாதர் பார்த்துவிட்டு, "தவக்கால ஒறுத்தலா?" என்று கேட்டிருக்கிறார். ஒறுத்தல் என்றால் ஆசைகளை அடக்குவது. "ஆமாங்க ஃபாதர்." அந்த ஞாயிறு பிரசங்கத்தில் ஃபாதர் பெயரைச் சொல்லாமல் இவரை உதாரணம் காட்டிவிட்டார். விளைவு, அதே கோயிலுக்குப் போகிற, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா தினம் கொடுத்துக்கொண்டிருந்த குழம்பு நின்றுபோனது. தவசில் இருக்கிறவருக்கு ருசியாகக் கொடுத்தால் பாவமாம். மாதம் முழுக்க வெறும் ரசம்.

பஸ் கண்டக்டர், "என்னா சார், வீட்ல முழுகாம இருக்காங்களா?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் இருமினேன், முழங்கையால் இடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. "ஆமாங்க" என்றுவிட்டார். அதிலிருந்து அந்தக் கண்டக்டர் தினமும் இவருக்கு உட்கார இடம் பிடித்துத் தருவார். "மசக்கை எப்பிடி இருக்குது?" என்று விசாரிப்பார். "இப்ப தேவலைங்க" என்பார் இவர்.

"ஏன் அண்ணே இப்படி வாய் கூசாம சொல்லிக்கினு இருக்க? கல்யாணமே ஆவல, அதுக்குள்ள மசக்கையா?"

"அவரு ஆசையா கேக்குறாரும்மா. இல்லன்னு சொன்னா மூஞ்சி சின்னதா போயிடும்."

"ஒருநாளு இதெல்லாம் ஒண்ணா சேந்து வந்து உன் கழுத்தைப் பிடிக்கப் போவுது."

"சரிம்மா."

ஈஸ்டர் வந்தது. டாக்டரம்மாவிடம் திரும்பப் போனோம். சீழ் காய்ந்து, வீக்கம் வடிந்து, கழுத்து தேறிக்கொண்டிருந்தது. உள்ளே சுருண்டிருந்த முடியெல்லாம் ஒவ்வொன்றாக நுனியை வெளியே நீட்டியிருந்தது. "நல்லா வருது. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, இப்ப பிளேடு பட்டா பழையபடி ஆயிடும்" என்றார். கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் இருந்தோம்.

அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், மூன்று வாரம், ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம், அதாவது ஃபாதரிடம், சொல்ல வேண்டும் என்று. தடை சொல்லி யாரும் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முகையூரில் முதல் ஓலை வாசித்த அன்றைக்கே பெண்ணின் தாய்மாமன், பூசை முடிவதற்குள் எழுந்து நின்று, "தடை இருக்குது சாமி!" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை எப்படி என்று வேவு பார்க்க அந்த மாமா எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். பெண் பார்க்கப் போனபோது அவர் ஊரில் இல்லாததால் அண்ணனுக்கு அவரை அடையாளம் தெரியாது. மாடிக்குப் போய் ஜமுக்காளத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டி, தாடியைப் பார்த்து, "என்னாப்பா, எவளையாவது நெனச்சிக்கினு வளக்கறியா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க."

"அடப்பாவமே! இன்னுமா மறக்கல?"

"எப்பிடிங்க மறக்கறது?"

வாடிக்கையாளர் பாவப்பட்டாரே என்று அவருக்கு இதமாகச் சொன்னாராம்! இதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கழுத்தைத் திருகிப் போடலாமா என்று வந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும், "அந்தப் பொண்ணு போயிடும் போல இருக்குதும்மா" என்றார். தாடியெல்லாம் கண்ணீர். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கும் அழுகை வந்தது.

முகையூர் ஃபாதர் இரண்டு பக்கத்தையும் சாமியார் பங்களாவுக்கு வரச் சொன்னார். அண்ணன் தரப்பில் நானும் எங்கள் வீட்டுக்காரரும். அந்தப் பக்கம் மீசை வைத்த மாமா, பெண்ணின் அம்மா, ஒரு ஓரத்தில் அந்தப் பெண். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.

"தம்பி, மனசுல வேற யாரையாவது நெனச்சிக்கினு இருக்கீங்களா? மறைக்காம சொல்லுங்க" என்றார் ஃபாதர்.

அண்ணன் மாமாவைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் மாமா பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். பெரிய மனிதர் முகம் வாடிவிடும். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இது வேலைக்காகாது என்று நான் எழுந்தேன். முடி உள்ளே வளர்ந்த கதை, சுண்ணாம்பு, ஊக்கு, டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அண்ணனின் தாடியை விலக்கிக் கழுத்தைக்கூடக் காட்டினேன்.

"அப்ப எங்கிட்ட ஏன் ஆமான்னான்?" என்றார் மாமா.

"அவரு எல்லாருக்கும் ஆமாம்பாருங்க. மேல்மலையனூருக்கு வேண்டுதலான்னு ஒரு அம்மா கேட்டாங்க, அதுக்கும் ஆமான்னாரு."

"என்னாது, அங்காளம்மனுக்கா?" என்று ஃபாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதில்லைங்க ஃபாதர், கண்டக்டர் வீட்ல முழுகாம இருக்காங்களான்னு கேட்டாரு, அதுக்கும் ஆமான்னுதான் சொன்னாரு."

"ஐயையோ மாதாவே! பொண்டாட்டி வேற இருக்குதா?" என்று பெண்ணின் அம்மா தலையில் கைவைத்தாள்.

நான் விளக்க விளக்க வழக்கு மோசமாகிக்கொண்டே போனது. எங்கள் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். ஃபாதர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனிடம் திரும்பினார்.

"பொண்டாட்டி இல்ல, லவ்வும் இல்ல, நம்பறேன். ஆனா கோயில்ல பீடத்துக்கு முன்னால நின்னு நான் 'சம்மதமா'ன்னு கேப்பேன். நீ ஆமாம்பே. பாக்கறவங்களுக்கு எல்லாம் ஆமாங்கறவன் நீ. அந்த ஆமாவை நான் எப்பிடிப்பா எழுதிக்கிறது?"

அவர் கேட்டது நியாயம்.

மாமா தொண்டையைச் செருமினார். சண்டை போட வந்தவர் இப்போது குரலை இறக்கிக்கொண்டு, "பாருப்பா, உன் மேல எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஊர்ல பேச்சாப் போச்சி, பொண்ணுக்குப் பேஜாரு. நல்லபடியா நிறுத்திக்கலாம். என்னா?" என்றார். பெண்ணின் அம்மாவும், "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. நிறுத்திக்கலாம், என்னாங்க?" என்றாள்.

அவர்கள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படித் தன்மையாகக் கேட்டால் இந்த மனிதர் கிட்னியைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

அப்போது அந்தப் பெண் எழுந்து வந்து அவருக்கு நேராக நின்றது. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் டீச்சர் குரல்.

"மாமா நிறுத்தலாங்கறாரு. அம்மாவும் அதான் சொல்றாங்க. நானும் கேக்கறேன். நிறுத்திடலாமாங்க?"

அண்ணன் வாய் திறந்தது. அந்த வாய் எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் பார்த்திருக்கிறேன். உதடு விரிகிறது, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, "சரிங்க" வரப் போகிறது. அங்காளம்மா தாயே, மாதாவே, யார் சும்மா இருக்கிறீர்களோ வாங்க என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முடியாதுங்க."

கண்ணைத் திறந்தேன். சொன்னது அவர்தானா என்று அவருக்கே சந்தேகம் போல, கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னாது?" என்றார் மாமா.

"முடியாதுங்க. நிறுத்தக் கூடாது. எனக்கு இவங்க வேணும்."

சொல்லிவிட்டு மாமாவின் முகம் வாடியதா என்று பார்த்தார். வாடித்தான் இருந்தது. அதற்காக அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். மாமா மீசையைத் தடவிக்கொண்டு, தோற்றது தெரியக் கூடாதே என்று, "சரி, அப்ப இந்தத் தாடியையாவது இன்னிக்கே எடுத்துட்டு வந்து நில்லு, நாலு பேரு பாக்கற மாதிரி" என்றார்.

"அதுவும் முடியாதுங்க மாமா. டாக்டரம்மா இன்னும் விடல."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபாதர் பக்கம் திரும்பியது.

"இப்ப எழுதிக்கோங்க ஃபாதர்."